மூன்றாம் கேட்டின் பெயரால்

உங்கள் மேசைக்கும் ஒரு நாள் ஒரு காகிதம் வரும். கொண்டுவருகிறவர் சிரித்துக்கொண்டேதான் வருவார். "டெக்னிக்கலா ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க" என்பார். குரலில் அவ்வளவு மரியாதை இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது எப்படி என்று சொல்கிறேன். வேலையை விட்டு வந்தாயிற்று, இனி என்னிடமிருந்து பறிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. அங்கே இருந்தபோதும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் கன்டெய்னர் யார்டு. சாலைக்கு ஒரு பக்கம் கடல், கல் கொட்டிய கரை, உப்புக் காற்று. மறுபக்கம் டிரெய்லர்கள், ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு. டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் மூட்டி மீன் குழம்பு வைப்பார்கள், லுங்கியைத் துவைத்து கன்டெய்னர் கதவின் கம்பியில் காயப்போடுவார்கள். மணலிப் பக்கம் புகைபோக்கியின் நுனியில் ஒரு தீ, பகலிலும் அணையாமல், வெளிறிப்போய் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அறை. அதில் நான். மெஷின்களை ஒன்றோடொன்று பேசவைப்பது என் வேலை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் என் வார்த்தையில் ஒருமுறை கேளுங்கள். ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்கு வேலை சொல்ல வேண்டுமென்றால் முதலில் அனுமதி சர்வர் முன்னால் போய் நிற்க வேண்டும். தன் ஐடியைச் சொல்ல வேண்டும், தனக்கென்று கொடுத்த ரகசியச் சொல்லை, அதாவது சீக்ரெட்டைச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால் சர்வர் ஒரு டோக்கன் தரும். இன்ன வேலை செய்யலாம், இன்ன நேரம் வரை செய்யலாம். எங்கள் யார்டில் ஒரு டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். அது செத்ததும் மெஷின் மறுபடி போய் நிற்கும், மறுபடி சொல்லும், மறுபடி வாங்கும். இந்தப் பேச்சில் மனித முகமே கிடையாது. அதனால்தான் ஏதாவது தப்பு நடந்தால் ஒரு மனித முகத்தைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். சம்பளம் குறைந்த முகமாகப் பார்த்து.

நான் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் யார்டு முழுக்க ஒரே ஐடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் கேட்டின் ஐடி, அதாவது வண்டிகள் உள்ளே வரும் மூன்றாவது வாசலின் ஐடி. முதலில் தானியங்கி ஆனது அந்தக் கேட்தான். பிறகு எடைமேடைக்கு மெஷின் வந்தது. புது ஐடி கேட்டால் தலைமை அலுவலகம் வாரக்கணக்கில் இழுத்ததால், கேட்டின் ஐடியையும் சீக்ரெட்டையும் அதற்கும் போட்டு ஓட்டினார்கள். குளிர் கன்டெய்னர்களின் வெப்பம் பார்க்கும் பெட்டி வந்தது, அதற்கும் அதுவே. கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் கருவிகள் வந்தன, அவற்றுக்கும் அதுவே. யார்டில் இருந்த ஒவ்வொரு மெஷினும் சர்வர் முன்னால் போய் நின்று தன்னை மூன்றாம் கேட் என்றே சொல்லிக்கொண்டது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. அண்ணன் பாஸில் தம்பி வண்டி எடுக்கிற ஊர் இது. பிரித்துக் கொடுங்கள் என்று நான் மேலே எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். "ஓடுதுல்ல மேடம்" என்பதுதான் எப்போதும் வந்த பதில்.

ஓடியது. அமுதாவின் கழுத்துக்கு வரும் வரைக்கும் ஓடியது.

அமுதா மூன்றாம் கேட்டின் பூத்தில் பகல் ஷிஃப்ட் பார்ப்பவள். வியாசர்பாடிக்காரி. ஒப்பந்த வேலை, வீட்டுக்குச் சம்பளம் என்று கொண்டுவருவது அவள் ஒருத்திதான். டிரைவரின் பேப்பரையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். யாருடைய முறை என்பதை சிஸ்டம் தீர்மானிக்கும். திரையில் பச்சை வந்தால் தடுப்புக் கட்டை தானாகத் தூக்கும், வண்டி உள்ளே போகும். வெயிலில் காய்ந்து பொறுமை போன டிரைவர்கள் எல்லோருக்கும் திட்டுவதற்குக் கிடைத்தவள் அவள். அவளும் சும்மா இருப்பவள் இல்லை. ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள், பேப்பரைச் சரிபார்த்துக்கொண்டே.

ஒரு கட்டத்தில், வரிசையில் பின்னால் நிற்க வேண்டிய சில டிரெய்லர்கள் ஓரமாக ஏறி வந்து நேராக உள்ளே போக ஆரம்பித்தன. எல்லாம் நீல கேபின் வண்டிகள். கேட்டுக்கு வந்ததும் பச்சை, கட்டை தூக்கும், போய்விடும். ராத்திரியெல்லாம் நின்றவன் நின்றுகொண்டே இருப்பான். டிரைவர்கள் பார்க்காமல் இருப்பார்களா? ஒரு காலையில் பூத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். துட்டு வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறாள் என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். சாலை அடைத்துக்கொண்டது. விஷயம் மேலே போயிற்று.

எந்த டோக்கன் எப்போது என்ன செய்தது என்று சர்வர் எழுதிவைக்கும் லாகை எங்கள் மேலாளர் திறந்து பார்த்தார். அந்த வண்டிகளை முன்னால் விடும்படி உத்தரவு போட்டது மூன்றாம் கேட்டின் டோக்கன். மூன்றாம் கேட்டில் உட்கார்ந்திருப்பது அமுதா. அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. தப்பை ஒப்புக்கொண்டு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறோம், இல்லையென்றால் போலீஸ் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது.

அவள் என் அறைக்கு வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். முறைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் இன்னாத்துக்குக்கா எய்திக் குடுக்கணும்? நானா தொறந்தேன்? பச்ச வந்துச்சு, கட்ட தூக்கிச்சு, வண்டி போச்சு. நான் பாத்துக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

எல்லா மெஷினும் ஒரே பெயரில் ஓடுகிறது, அதில் எது அந்த உத்தரவைப் போட்டது என்று லாகில் தெரியாது என்று அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"எங்க பிளாக்குல ஒரே மீட்டர்ல நாலு வூடு எரியும்க்கா. பில்லு எகிறுச்சுன்னா மீட்டரு யார் பேர்ல கீதோ அவங்களத்தான் வந்து கேப்பான். பக்கத்து வூட்டுக்காரன் ஏசி போட்டுக்கினு தூங்குவான்."

கையெழுத்துப் போடாதே, ஒரு நாள் தள்ளு என்றேன். "தள்றதா? டிரைவருங்களையே தள்ளிக்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டு பூத்துக்குப் போனாள்.

அன்று மதியம்தான் மேலாளர் அந்த இரண்டு வரிக்காக என்னிடம் வந்தார். டோக்கன் பூத் மெஷினுக்குத்தான் வழங்கப்பட்டது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பணியாளர் பிரிவு அதிகாரி ஒருவர் வருகிறார், கடிதத்தோடு அதையும் இணைக்க வேண்டும்.

தெரியாது சார் என்றேன்.

"லாக்லயே இருக்கே மேடம். மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். மூணாம் கேட் கேட்டுச்சுன்னு சொல்லுது. அந்தப் பேர்ல எத்தனை பேர் சுத்தறாங்கன்னு நீங்க அதுகிட்ட கேக்கல."

எந்த முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்று பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பார்த்தேன். எல்லாக் கேள்வியும் நடுவில் ஒரு மெஷின் வழியாகத்தான் போய் வந்தது. சர்வருக்குத் தெரிந்தது அந்த நடு மெஷினின் முகவரி மட்டும். அதுவோ வருகிறவர் போகிறவர் எதையும் எழுதிவைப்பதில்லை. இடம் போதவில்லை என்று எப்போதோ யாரோ அதை நிறுத்தியிருந்தார்கள்.

"அப்போ எழுத மாட்டீங்க."

"எழுதறேன் சார். டோக்கன் கேட்டது யார்னு தெரியாதுன்னு எழுதறேன்."

"அது ரிப்போர்ட் இல்ல மேடம்."

"அதுதான் சார் ரிப்போர்ட்."

அவர் போய்விட்டார். வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வெறும் கோபம். கோபத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது விதிப்புத்தகத்தைப் புரட்டவைக்கும். எங்கள் விதியில் ஒரு வரி இருந்தது. சீக்ரெட் வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் அதை ரத்து செய்யலாம், மாற்று ஐடிகளைத் தலைமை அலுவலகம் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். வருஷக்கணக்கில் பயந்து யாரும் தொடாத வரி. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். வாரக்கணக்கில் வராத ஐடிகள் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று. அதனதன் வேலைக்கு மட்டும் அனுமதி. எடைமேடை எடையை மட்டும் சொல்லலாம், குளிர்ப்பெட்டி வெப்பத்தை மட்டும்.

மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக மாற்றினேன். எடைமேடை, குளிர்ப்பெட்டிகள், ஸ்கேனர்கள், கடைசியாக அமுதாவின் பூத். மாற்ற மாற்றப் பயம் ஏறியது. ஒரு குளிர்ப்பெட்டியை மறந்துவிட்டேன் என்றால் கன்டெய்னருக்குள் இருக்கும் இறால் முழுக்க அழுகிப்போகும், அதை என் தலையில்தான் கொட்டுவார்கள். இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமுதா பொய் சொல்லியிருந்தால்? அவளிடம் கேட்கவில்லை. கேட்டு அவள் இல்லை என்று சொன்னாலும் எனக்கு எதுவும் கூடுதலாகத் தெரிந்திருக்காது.

எல்லாம் மாற்றி முடித்தாயிற்று. இனி யார்டுக்குள் பழைய பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. சர்வரின் லாகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடைமேடை தன் புதுப் பெயரைச் சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டு போனது. பூத் வந்தது, வாங்கிக்கொண்டு போனது. பிறகு ஒரு வரி வந்து விழுந்தது.

மூன்றாம் கேட்.

பழைய ஐடி, பழைய சீக்ரெட். பொருந்தியது. டோக்கன் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

சொந்தக்காரன் காலி செய்துவிட்டுப் போன வீட்டில், யாரோ கதவைத் திறந்து விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

மேலாளரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு மெஷினை விட்டிருப்பீர்கள், அமுதா விஷயமாக மீட்டிங் இருக்கிறது, அதிகாரி வந்துவிட்டார் என்றார். வெளியாள் ஒருவன் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். யார் என்று தெரியாதவரை அவருக்கு அது என் கவனக்குறைவு, அவ்வளவுதான். யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வழி இருந்தது. சாவியைப் பிடுங்கிவிட்டு, கதவு திறக்கவில்லை என்று யார் வந்து சத்தம் போடுகிறார்கள் என்று காத்திருப்பது. அறைக்குத் திரும்பினேன். பழைய சீக்ரெட்டை ரத்து செய்தேன்.

ஆனால் ரத்து செய்தாலும், ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போன டோக்கன் உடனே சாகாது. அதன் ஒரு மணி நேரத்தை வாழ்ந்து முடித்துவிட்டுத்தான் சாகும். அந்த வெளியாள் இப்போதுதான் வாங்கிப் போயிருக்கிறான், கதவு மூடியது ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியும். மீட்டிங்கோ இப்போதே தொடங்குகிறது.

மீட்டிங் அறை வாசலில் அமுதா நின்றிருந்தாள். "ஒரு மணி நேரம் இழுக்க முடியுமா?" என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "டீ குடுப்பாங்களாக்கா?" என்றாள்.

உள்ளே அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மா, மேசையின் தலைமாட்டில். பக்கத்தில் மேலாளர். அமுதாவுக்கு எதிரே கடிதம், அதன் மேல் பேனா. நான் சாட்சியாக ஓரத்தில், போனை மேசைமேல் வைத்துவிட்டு.

அமுதா முதலில் டீ கேட்டாள். வந்தது. ஊதி ஊதிக் குடித்தாள். கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இங்கிலீஷில் இருக்கிறது, இன்னதென்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றாள். அதிகாரி அது நியாயம்தான், தமிழில் படித்துக் காட்டுங்கள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். அவர் வரி வரியாகத் தமிழாக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அமுதாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர் 'கவனக்குறைவின் காரணமாக' என்று ஆரம்பித்த இடத்தில் நிறுத்தினாள்.

"கவனக்குறைவுன்னா இன்னா சார்? தூங்கிட்டேன்றியா, துட்டு வாங்கிட்டேன்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு சார், அப்பதான வூட்ல போய்ச் சொல்ல முடியும்."

அதிகாரி சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேலாளரின் கழுத்து சிவந்துவிட்டது. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன் கன்டெய்னரைத் தூக்கி, அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றது. நானும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

கடிதம் தீர்ந்துபோயிற்று. சந்தேகங்களும் தீர்ந்துவிட்டன. மேலாளர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அமுதா பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். "மை வரல சார், வேற பேனா குடு" என்றாள்.

என் போன் அடித்தது.

சிஸ்டம் வேலை செய்யவில்லையென்றால் கூப்பிடுங்கள் என்று பிழைச் செய்தியின் அடியில் ஒரு எண் வருமே, எங்கள் யார்டில் அது என் எண். எந்த மெஷின் எங்கே படுத்துக்கொண்டாலும் எனக்குத்தான் அடிப்பார்கள். அதிகாரியைப் பார்த்தேன், தலையசைத்தார். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தேன்.

"வணக்கம் மேடம். மாத்தூர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்லருந்து பேசறேன். நம்ம கம்ப்யூட்டர்ல கேட் எடுக்க மாட்டேங்குது மேடம். சீக்ரெட் செல்லாதுன்னு வருது, இந்த நம்பருக்கு அடின்னு போட்டுக்கீது."

எந்தக் கேட் என்று கேட்டேன்.

"கேட் த்ரீ மேடம். உங்க மேனேஜர் சார் குடுத்ததுதான். இத்தினி நாளா நல்லாதான் ஓடிக்கினு இருந்துச்சு. வண்டிங்கல்லாம் எண்ணூர் ரோட்ல மாட்டிக்கினு கீது, ஓனர் பேஜார் பண்றாரு. கொஞ்சம் சீக்கிரமா பாத்துக் குடுங்க மேடம்."

அவன் குரலில் ஒரு துளி கள்ளம் இல்லை. கேட்டைத் திறப்பது எல்லோருக்கும் கிடைக்கிற வசதி என்றே நினைத்திருக்கிறான். நீல கேபின் வண்டிதானே என்று கேட்டேன். ஆமாம் மேடம், நம்முதுதான் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"எல்லாரும் நிக்கற மாதிரி லைன்ல நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மேலாளர், புயல் வந்த சமயத்தில் கப்பல் காத்துக்கொண்டிருந்தது, சரக்கு சீக்கிரம் போக வேண்டியிருந்தது, அவசரத்துக்குக் கொடுத்தேன், பிறகு மாற்ற வேண்டும் என்று நினைத்தேன் என்றார். அவர் துட்டு வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றுதானே அவரிடமே சொன்னேன். ஆனால் சாவி வெளியே ஒருவரிடம் இருக்கிறது என்பது அமுதா முன்னால் அந்தக் கடிதத்தை வைத்தபோது அவருக்கு நினைவில் இருந்தது. இருந்திருக்க வேண்டும். அதை நான் மன்னிக்கவில்லை, இன்றுவரை.

நீ போகலாம்மா என்றார் அதிகாரி. அமுதா எழுந்திருக்கவில்லை.

"எங்கம்மா போறது? வெளிய அவ்ளோ டிரைவருங்களும் என்ன துட்டு வாங்குனவன்னு பேசிக்கினு கீறாங்க. அவங்ககிட்ட யாரு சொல்வா?"

அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்கிறேன் என்றார் மேலாளர்.

"போர்டுல ஒட்டுனா எவன் சார் படிப்பான்? என்ன சத்தமா திட்னாங்க. சத்தமாத்தான் சொல்லணும்."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எழுந்தார். நல்ல வெயில். யார்டின் நீளம் முழுக்க நடந்தார், பின்னால் அமுதா, அவளுக்குப் பின்னால் நான். ஸ்டவ்வை அணைத்துவிட்டு டிரைவர்கள் கூடினார்கள். அந்தப் பொண்ணு மேல் தப்பில்லை, வெளியிலிருந்து யாரோ திறந்திருக்கிறார்கள், இனி நடக்காது என்று அவர் சொன்னார். காற்று பாதியைத் தின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "கேக்கல நைனா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். இன்னொரு முறை சொன்னார். முதல் நாள் அதிகமாகக் கத்திய டிரைவர் அமுதாவிடம் வந்து மன்னிச்சுக்கம்மா என்றார்.

"அத்தெல்லாம் அப்பால பாத்துக்கலாம். பேப்பர எடு, லைன் நிக்குதுல்ல" என்று சொல்லி அவள் பூத்துக்குள் ஏறிக்கொண்டாள்.

அந்த வருஷம் என் மதிப்பீட்டில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினார்கள். எழுதியது யார் என்று உங்களுக்கே தெரியும், அவர் அங்கேயேதான் இருந்தார். அடுத்த வருஷமும் அதையே எழுதினார்கள். சரி, இருக்கட்டும். அந்தச் சொல்லை நான் இப்போதும் சட்டைப்பையில் பூ மாதிரி செருகிக்கொண்டு திரிகிறேன். நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். லாகில் இருக்கிறதே, எழுதினால் என்ன என்பார்கள். லாகில் இருப்பது ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கும் கையாலேயே எழுதுங்கள்.

அவசரத்தில் வந்த ஐடிகளுக்கு நிரந்தரப் பெயர் வைக்கும் நாளில் பூத்துக்குப் போனேன். இந்த மெஷின் இனி தனி ஆள், யாரோடும் பெயரைப் பங்கு போட வேண்டாம், அமுதா என்றே வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு டிரைவரின் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டை தூக்கியது.

"வேணாம்க்கா. நாளிக்கு அது எதனா கலீஜ் பண்ணுச்சுன்னா என்னத்தான் வந்து இஸ்துக்கினு போவாங்க. மெஷினுக்கு மெஷின் பேரே இருக்கட்டும்."